டயர் மிஷினுக்கு வைக்கோல் பரப்பியும் கல் பெட்டியும்: சரளை வயலுக்குச் செய்த மாற்றங்கள்

14 அடி கட்டர் பார் (முன்னால் பயிரை வெட்டும் பிளேடு வரிசை) போட்ட டயர் மிஷின், அதாவது டயரில் ஓடும் நெல் அறுவடை மிஷின், ஒரு ஓட்டத்தில் வெட்டுவது 4.27 மீட்டர் அகலம். பின்னால் வைக்கோல் விழுவதோ 1.25 மீட்டர் அகலத்துக்குள். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் மிஷினுக்குள் போய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், வயல் முழுக்கச் சமமாகப் பரவும்போது சதுர மீட்டருக்கு அரைக் கிலோ. வரிசையாக விழும்போது அந்த வரிசைக்குள் 1.7 கிலோ. அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் தெளித்துவிட்ட உளுந்து, அரைக் கிலோ வைக்கோலை விலக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். 1.7 கிலோவுக்கு அடியில் வெளுத்து நீண்டு அழுகும். அறுத்துப் பத்து நாள் கழித்து வரப்பில் நின்று பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான்.

அதே வயலில் பங்குனி கடைசியில் உளுந்தை அறுக்க அதே மிஷின் இறங்கும்போது வேறொரு தொல்லை. உளுந்தில் அடிக்காய் தரையிலிருந்து நாலு விரல்கடை உயரத்தில் இருக்கும். கட்டர் பார் தரையை உரசித்தான் போக வேண்டும். கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கத்துச் செம்புறாங்கல் பூமியில் அப்படிப் போனால் சரளை உள்ளே வராமல் இருக்காது.

வைக்கோலைப் பரப்புவது பின்பக்க வேலை, கல்லைத் தடுப்பது முன்பக்க வேலை என்று பிரித்து வைத்துக்கொண்டு தொடங்கிய மாற்றங்கள் இவை. ஓட்டிப் பார்த்ததில் இரண்டுக்கும் ஒரே குமிழ்தான்: நெல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறோம் என்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மிஷின் 101 குதிரைத்திறன், கதிரடிக்கும் டிரம் குறுக்குவாக்கில், வைக்கோலைக் குலுக்கிப் பின்னால் தள்ளும் ஸ்ட்ரா வாக்கர் ஐந்து, நெல்லுக்குப் பல் டிரம். பெல்ட் மிஷின் (டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடுவது) வைத்திருப்பவர்களுக்குப் பின்பக்க வேலை அப்படியே பொருந்தாது. அதில் டிரம் நீளவாக்கில் படுத்திருக்கும், வைக்கோல் வெளியேறும் வாயும் வேறு. கல் பற்றிச் சொல்லும் பகுதி மட்டும் ஓரளவு உதவும்.

பின்பக்கம்

பரப்பியைப் பட்டறையில் புதிதாகச் செய்யவில்லை. பஞ்சாபில் இதற்குச் 'சூப்பர் எஸ்.எம்.எஸ்.' (ஸ்ட்ரா மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்று பெயர்; லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு. வைக்கோல் எரிப்பைத் தடுக்க 2018 முதல் அங்கே நெல் அறுக்கும் மிஷினுக்கு இது கட்டாயம். அதனால் கிட் ஆகவே கிடைக்கிறது. ஒரு உருளை, அதில் ஆடும் பிளேடுகள், எதிரே மூடியில் ரம்பப் பல் கொண்ட நிலைப் பிளேடுகள், கடைசியில் திசை திருப்பும் தகடுகள். ஸ்ட்ரா வாக்கர் தள்ளிவிடும் வைக்கோலை இது நறுக்கி வீசும்.

கிட் வந்ததும் எடுத்து மாட்டிவிட முடியாது. ஏறக்குறைய 450 கிலோ எடை. பின்கூண்டின் தகடு இரண்டு மி.மீ.கூட இல்லை, அது இந்த எடையைத் தாங்காது. 65×65×6 ஆங்கிளில் இரண்டு கைகள் செய்து, பின் அச்சுக்கு மேலே உள்ள சேஸில் போல்ட் போட்டு இறுக்கி, எடை முழுவதும் சேஸில் இறங்கும்படி வைத்தோம். கூண்டில் இருப்பது வெறும் இழுப்புப் போல்ட்டுகள்தான். சேஸில் வெல்டிங் வைக்க வேண்டாம். அதிர்வில் வெல்டிங்கின் ஓரத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

உருளையை வைக்கும் இடத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஸ்ட்ரா வாக்கரின் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, வாக்கரின் வால் முனை எவ்வளவு பின்னால், எவ்வளவு கீழே வருகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறியிலிருந்து பிளேடின் நுனிக்கு 150 மி.மீ. இடைவெளி விட்டோம். இதைக் குறைத்தால் வாக்கரில் பிளேடு பட்டுவிடும். மிகவும் கூட்டினால் இடையில் உள்ள தகட்டில் வைக்கோல் தங்கி, கொத்துக் கொத்தாக விழும். உருளை ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு முறை முனகும்.

ஓட்டம் எடுத்தது இடது பக்கக் கவுண்டர் ஷாஃப்டிலிருந்து. டாக்கோமீட்டரில் பார்த்தால் இஞ்சின் முழு ஓட்டத்தில் அந்த ஷாஃப்ட் 900 சுற்று. 320 மி.மீ. புல்லியை அதில் மாட்டி, உருளையில் 180 மி.மீ. புல்லி. 1,600 சுற்று கிடைத்தது. பிளேடு நுனி வட்டம் 480 மி.மீ. என்பதால் நுனி வேகம் நொடிக்கு 40 மீட்டர். நறுக்கு ஒழுங்காக விழவும் வீச்சு அகலமாகப் போகவும் இந்த வேகம் வேண்டும். சி செக்‌ஷன் பெல்ட் மூன்று, ஒரே செட்டாக வாங்க வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால் புதியது மட்டும் பாரம் இழுத்து முதலில் போகும்.

உருளையை லாரியிலிருந்து இறக்கியதுமே பேலன்சிங்குக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பாதையில் எங்கே இடிபட்டது என்று நமக்குத் தெரியாது. பிளேடுகளைத் தனியே கழற்றி, தராசில் எடை பார்த்து, எதிரெதிராக வரும் ஜோடிக்குள் வித்தியாசம் 5 கிராமுக்கு மேல் போகாமல் அடுக்கினோம். பெயிண்டில் எண் எழுதி வைத்தால் பிறகு ஒன்று உடையும்போது அதன் ஜோடியைத் தேட வேண்டியதில்லை. ஒரு பிளேடு உடைந்தால் ஜோடியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டினால் ப்ளம்மர் பிளாக் பேரிங் சூடேறும். கை வைக்க முடியாத அளவு சூடானால் அது கிரீஸ் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, பேலன்ஸ் போயிருக்கலாம்.

நிலைப் பிளேடுகளை முழுவதும் உள்ளே தள்ளினால் நறுக்கு குட்டையாகும், பாரம் ஏறும். நமக்குக் குட்டை நறுக்கு தேவையில்லை. ஒரு சாண் நீளத்தில் விழுந்தாலும் உளுந்து முளைக்கும். சமமாக விழுகிறதா என்பதுதான் முக்கியம். பாதி அளவுக்கு வெளியே இழுத்துவிட்டு ஓட்டியதில் இஞ்சின் மூச்சு வாங்குவது குறைந்தது.

தகடுகளின் கோணம்

கிட்டில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு தகடுகள் வருகின்றன. ஓரத் தகட்டை அதிகம் திருப்பினால் வைக்கோல் அதிக தூரம் ஓரத்துக்குப் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓரத் தகடு 45 பாகையில் வைத்து ஓட்டினால் நடப்பது தலைகீழ். வேகமாக வரும் நறுக்கு அந்தச் சரிவில் மோதி வேகம் இழந்து, தகட்டுக்கு அடியிலேயே கொட்டுகிறது.

அளந்து பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அரை அங்குல பி.வி.சி. குழாயில் உட்புறம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வரும்படி ஒரு சட்டம், ஒரு சாக்கு, ஒரு தொங்கு தராசு. மிஷின் போன தடத்தின் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒரு மீட்டரில் ஒன்று, இரண்டு மீட்டரில் ஒன்று என்று ஐந்து இடத்தில் சட்டத்தைப் போட்டு, உள்ளே கிடக்கும் உதிரி வைக்கோலை மட்டும் அள்ளி நிறுக்க வேண்டும். நிற்கும் அரிதாளைப் பிடுங்கக் கூடாது.

பரப்பி இல்லாமல்: நடுவில் 1.6 கிலோ, ஒரு மீட்டர் தள்ளி ஒரு கைப்பிடி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. ஓரத் தகடு 45 பாகை: நடுவில் 1.1, ஒரு மீட்டரில் 0.35, 0.40, இரண்டு மீட்டரில் 100 கிராம்தான். கழற்றி, நடு ஜோடியை 8 பாகை, அடுத்ததை 18, ஓரத்தை 28 என்று படிப்படியாகத் திருப்பி, ஓரத் தகட்டின் வாலில் மட்டும் 20 செ.மீ. நீளத்துக்கு வளைந்த துண்டு ஒன்றைச் சேர்த்ததும் நறுக்கு மோதாமல் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. நடுவில் 0.55, ஒரு மீட்டரில் 0.52, 0.48, இரண்டு மீட்டரில் இடது 0.42, வலது 0.38. இதற்கு மேல் சரிசெய்ய முயல்வது வீண். வலது குறைந்ததற்குக் காரணம் காற்று. காற்று வரும் பக்கத்துத் தகடுகளை 4, 5 பாகை கூட்டினால் சரியாகும். ஆனால் மிஷின் அடுத்த ஓட்டத்தில் திரும்பி வரும்போது அந்தப் பக்கம் மறுபக்கமாகிவிடும். காற்றின் திசையிலும் எதிர்த்திசையிலுமாக நீளவாக்கில் ஓட்ட முடிகிற வயலில் அப்படி ஓட்டுவதே எளிய வழி.

சல்லடையிலிருந்து விழும் பதரும் கூளமும் இந்தக் கணக்கில் சேராது. அவை உருளைக்குப் போகாமல் நேரே கீழே, அதே 1.25 மீட்டர் பட்டையில் விழுகின்றன. அதில் தப்பிய நெல்லும் இருக்கும். உளுந்துக்குள் நெல் வரிசையாக முளைத்து வருவது அங்கிருந்துதான். சல்லடை வாயில் சாய்வுத் தகடு வைத்துக் கூளத்தையும் உருளைக்குள் விடலாம் என்று வைத்துப் பார்த்ததில் ஃபேன் காற்று போக வழியில்லாமல், சல்லடை மேல் கூளம் மெத்தையாகக் கட்டி, நெல்லும் சேர்ந்து வெளியே போனது. தகட்டை எடுத்துவிட்டு ஃபேன் காற்றைச் சற்றுக் கூட்டி, வாயின் இரு ஓரத்திலும் சிறிய விலக்குத் தகடு மட்டும் வைத்திருக்கிறோம். கூளப் பட்டை 1.25-லிருந்து 2 மீட்டருக்கு விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் அகலம் வேண்டுமென்றால் சுழலும் தட்டு இரண்டு தனியாக வேண்டும்.

ஒரு விஷயம் பஞ்சாப் கிட்டில் இல்லை, நம் ஊருக்கு அது இல்லாமல் முடியாது: பரப்பியை ஒதுக்கிவைக்கும் வசதி. இங்கே வைக்கோலுக்கு விலை உண்டு, மாடு உண்டு, கட்டு கட்டும் மிஷின் பின்னாலேயே வந்து நிற்கும். ஒரு வயல்காரர் பரப்பச் சொல்வார், பக்கத்து வயல்காரர் வரிசையாகப் போடச் சொல்வார். பெல்ட்டைத் தளர்த்தும் லீவரும், வாக்கருக்கும் உருளைக்கும் நடுவே கீல் போட்ட ஒரு சாய்வுத் தகடும் செய்தோம். தகட்டை இறக்கிவிட்டால் வைக்கோல் உருளைக்கு முன்னாலேயே நறுக்காமல் கீழே விழும். மாற்ற ஐந்து நிமிடம். உளுந்து அறுக்கும்போதும் இதே வழிதான். உளுந்தம் பொட்டை யாரும் வயலில் வீச மாட்டார்கள்.

வரப்பு ஏறும்போது பின்னால் தொங்கும் பரப்பி மண்ணில் இடிக்கும். வால் தகடுகளை மேலே மடக்கி ஊசி போட்டுவிட்டுத்தான் வரப்பைக் கடக்க வேண்டும். உயர்ந்த வரப்பென்றால் மண்வெட்டியால் இறக்கம் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

பனி காயும் முன் நறுக்கக் கூடாது. ஈரவைக்கோல் உருளையில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும், பெல்ட் வழுக்கி ரப்பர் வாடை வரும். பத்து மணிக்கு முன் தொடங்குவதில்லை. ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது உருளையின் சுற்று: 1,600 என்பது 1,450-க்கு இறங்கினால் வீச்சு சுருங்கி நடுவில் குவியும். அப்போது கியரைக் குறைக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரைக் குறைக்கக் கூடாது.

முன்பக்கம்: கல்

இந்த வயல்களில் கல் மூன்று விதம். மண்ணோடு பிறந்த செம்புறாங்கல் சரளை, பட்டாணி முதல் எலுமிச்சை அளவு வரை. இரண்டாவது, வரப்போரம் புதைந்த சர்வே கல், போர்வெல் போட்டபோது குவித்த கல் சில்லு. மூன்றாவது, கண்மாயிலிருந்து அடித்த வண்டல் மண்ணோடு வந்த ஓடு, செங்கல், கண்ணாடி. வண்டல் அடித்த வயல் என்று கேள்விப்பட்டால் கூடுதலாக ஒரு நடை நடந்து பார்ப்பது நல்லது.

பெரிய கல்லுக்கு மிஷினில் மருந்தில்லை. கால் நடையாகப் போய்ப் பொறுக்கியாக வேண்டும், பொறுக்க முடியாததற்குப் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். எப்போது பொறுக்குவது என்பதில் ஒரு சிக்கல். நெல் வைக்கோலைப் பரப்பிவிட்டால் கல் அதற்கடியில் மறைந்துவிடும். உளுந்து வளர்ந்த பிறகு சுத்தமாகத் தெரியாது. ஆகவே உளுந்து அறுப்புக்கான கல் பொறுக்கலை நெல் நடவுக்கு முன், உழவின்போதே முடித்திருக்க வேண்டும். வைக்கோலைப் பரப்பச் சொல்லும் வயல்காரர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

கட்டர் பாரில் விரல்களுக்கு இடையே 76 மி.மீ. அதற்குள் அடங்கும் எந்தக் கல்லும் பிளேடைத் தாண்டி மேடைக்கு உருண்டு வரும். பிளேடுக்குப் பின்னால், மேடையின் முன் ஓரம் முழுக்க ஒரு தடுப்பு வைத்தோம்: பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டிய 40 மி.மீ. அகலப் பட்டை, செங்குத்தாக நிற்கும்படி ஆங்கிளில் பிடித்தது. கல் உருண்டு வந்து இதில் முட்டி முன்பக்கமே விழுகிறது. செடி மேலே ஏறி உள்ளே போகிறது. இதையே இரும்புப் பட்டையாக வைத்தால் உளுந்துச் செடி அதன் முன் தேங்கி, பிளேடு இரண்டாம் முறை வெட்டி, காய் உதிரும். ரப்பர் சாயும் என்பதால் தேங்குவதில்லை. 40 மி.மீட்டருக்கு மேல் போனால் ரப்பரும் தேக்கும்.

கட்டருக்கு அடியில் உள்ள சறுக்குத் தகடுகளை உளுந்துக்கு 6 செ.மீ. உயரம் வரும்படி வைத்தோம். ஆபரேட்டர் ஹைட்ராலிக்கில் பிடித்துக்கொண்டே ஓட்டுவதைவிட, தகடு தரையில் சறுக்கிக்கொண்டு போவது சீராக இருக்கும். ரீலை (பயிரைக் கட்டர் பக்கம் சாய்த்துக் கொடுக்கும் சுழலி) இயன்றவரை மெதுவாக, மிஷின் போகும் வேகத்தைவிடக் கொஞ்சமே அதிகமாகச் சுற்ற விட வேண்டும். ரீல் பல் தரையைக் கீறினால் அதுவே கல்லை உள்ளே தூக்கிப் போடும்.

அடுத்தது ஆகர் (வெட்டிய பயிரை மேடையின் நடுவுக்குத் தள்ளும் திருகு), ஃபீடர் செயின் (அங்கிருந்து டிரம்முக்கு ஏற்றும் சங்கிலி). ஃபீடர் கூண்டின் அடித்தகட்டில் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு 3 மி.மீ. துளையிட்ட தகடு வைத்தோம். மணலும் பொடி மண்ணும் அங்கேயே உதிர்கின்றன. துளை அதற்கு மேல் பெரிதானால் உடைந்த காயிலிருந்து உளுந்தும் போகும். உளுந்து அளவிலான சரளை இதில் போகாது, சல்லடையிலும் பிரியாது, நேரே மூட்டைக்குப் போகும். வியாபாரி ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பது அந்தச் சரளைக்காகத்தான். அதற்குக் கட்டர் உயரத்தைத் தவிர வேறு தீர்வு கிடைக்கவில்லை.

கல் பெட்டி என்பது ஃபீடர் முடிந்து டிரம் தொடங்கும் இடத்தில், கான்கேவுக்கு (டிரம்முக்கு அடியில் வளைந்திருக்கும் கம்பிச் சல்லடை) முன்னால் உள்ள பள்ளம். பயிரோடு வரும் கல்லை டிரம் கீழே அடிக்கும். பள்ளம் காலியாக இருந்தால் கல் அதற்குள் விழுந்து கிடக்கும். பள்ளத்தில் மண்ணும் நெல்லும் கெட்டித்திருந்தால் அது பள்ளமே இல்லை, தரை. கல் அதன் மேல் வழுக்கி டிரம்முக்கும் கான்கேவுக்கும் நடுவே போய்விடும். பல் வளைந்து, கான்கேவ் கம்பி பிதுங்கும். பெரும்பாலான மிஷின்களில் கல் பெட்டி இருக்கிறது, ஆனால் திறப்பதில்லை. காரணம் சோம்பல் மட்டுமல்ல: மூடியை ஆறு போல்ட் கழற்றித்தான் திறக்க வேண்டும், படுத்துக்கொண்டு இருபது நிமிட வேலை.

போல்ட்டுகளை எடுத்துவிட்டு, மூடியின் ஒரு பக்கம் கீல், மறுபக்கம் வெளியே நின்றபடி இழுக்கும் லீவர், பூட்டு விழுந்ததும் தானாகக் கழலாதபடி ஒரு ஸ்பிரிங் ஊசி வைத்தோம். மூடி விளிம்பில் 5 மி.மீ. ரப்பர், இல்லாவிட்டால் நெல் கசியும். இப்போது திறந்து, தட்டிச் சுரண்டி, மூட இரண்டு நிமிடம். நெல்லில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, உளுந்தில் மணிக்கு ஒரு முறை. திறந்ததும் விழுவதைப் பார்த்தாலே வயல் எப்படி என்று தெரிந்துவிடும். கைப்பிடி மண்ணும் நாலைந்து சரளையும் என்றால் சரி. எலுமிச்சை அளவில் இரண்டு கிடந்தால் கட்டரைத் தூக்க வேண்டும், கொஞ்சம் காய் போனாலும் பரவாயில்லை.

திறக்கும் முன் இஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, கட்டர் மேடையைத் தூக்கி அதன் சிலிண்டரில் தாங்கு கட்டையைப் போட்டுவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸை நம்பி அதற்குக் கீழே தலையை நீட்டக் கூடாது.

டிரம் அமைப்பு நெல்லுக்கு 650 சுற்று, கான்கேவ் இடைவெளி முன்னால் 20 மி.மீ., பின்னால் 10. உளுந்துக்குப் புல்லி மாற்றி 430 சுற்று, முன்னால் 28, பின்னால் 14. கான்கேவில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைப் பல் கழற்றியது. இடைவெளி கூடும்போது தப்பி வரும் சிறு கல் உடைக்காமல் கடந்துபோகும் என்பது கூடுதல் லாபம். வம்பன் 8 போல ஒரே சமயத்தில் முதிரும் ரகமென்றால் இந்த அமைப்பில் பருப்பு உடைவது மிகக் குறைவு. வெயில் உச்சியில் காய் தானாக வெடிக்கும். அப்போது மிஷினை நிறுத்திவிட்டு மாலையில் இறங்கலாம்.

ஆகரின் ஸ்லிப் கிளட்ச் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருக்கும் மிஷின்கள் அதிகம், வழுக்கும் சத்தம் பிடிக்காமல். கல் சிக்கும்போது 'கட கட' என்று வழுக்குவதுதான் அதன் வேலை. இறுக்கினால் சத்தம் நிற்கும், கூடவே ஆகர் விரல் உடையும்.

கல்லுக்கும் பரப்பிக்கும் ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. கல் பெட்டியைத் தாண்டிய கல் ஸ்ட்ரா வாக்கர் வழியாக உருளைக்கு வந்தால், நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பின்னால் பறக்கும். நம் வயலில் மிஷினுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் இருப்பதில்லை. சிந்திய கதிர் பொறுக்குபவர், வைக்கோல் பார்க்க வந்தவர், சிறு பிள்ளைகள், கொக்குகள். வாலில் கனமான ரப்பர் திரை தொங்கவிட்டிருக்கிறோம், ஆனாலும் உருளை ஓடும்போது பின்னால் 50 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. யாராவது வந்தால் கிளீனர் விசில் அடிப்பார், ஆபரேட்டர் நிறுத்துவார். இதில் சமரசம் வேண்டாம்.

வெட்டும் உயரம்

நெல்லை 15 செ.மீ. உயரத்தில் வெட்டினால் 2 டன் வைக்கோல் உள்ளே போகிறது. 30 செ.மீ. உயரத்தில் வெட்டினால் அது ஒன்றரை டன்னாகக் குறைகிறது. பரப்புவது எளிது, டீசல் மிச்சம், கல் உள்ளே வர வாய்ப்பே குறைவு. நெல்லை மட்டும் நினைத்தால் 30-தான் சரி. ஆனால் அந்த 30 செ.மீ. அரிதாள் உளுந்து அறுக்கும்போதும் காய்ந்து விறைப்பாக நிற்கும். 6 செ.மீட்டரில் போகும் கட்டர் உளுந்தோடு அதையும் வெட்டி உள்ளே இழுக்கும்; தூரோடு வேர் மண்ணும் சரளையும் சேர்ந்து வரும். கல் பெட்டி அரை மணியில் நிரம்பும்.

20 செ.மீட்டரில் நின்றிருக்கிறோம். சாய்ந்த வயலில் இதைப் பேசிப் பயனில்லை, கீழே போகத்தான் வேண்டும். அங்கே பரப்பியை ஒதுக்கிவிட்டு வரிசையாகப் போட்டு வைக்கோலை வெளியேற்றுவதே மேல்.

டயர் தடத்தையும் சொல்லிவிட வேண்டும். முன் டயர் 18.4-30, ஒன்று 47 செ.மீ. அகலம், இரண்டும் சேர்ந்து வெட்டும் அகலத்தில் 22 சதவீதம். முளைவிட்ட உளுந்து அந்தத் தடத்தில் நசுங்கும். வைக்கோலை எவ்வளவு அழகாகப் பரப்பினாலும் இது மாறாது. நெல் வண்டியை வயலுக்குள் விடாமல், தொட்டி நிறைந்ததும் மிஷினே வரப்போரம் வந்து கொட்டினால் தடம் இன்னும் கூடாமல் இருக்கும்.

செலவு

கிட் 1,18,000 ரூபாய். லாரி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் 9,500. ஆங்கிள், தகடு, வெல்டிங், ஒதுக்கும் தகடு எல்லாம் சேர்த்து 11,000. புல்லி, பெல்ட், ஐட்லர் 7,800. பேலன்சிங் 2,500. கல் பெட்டி கீல், லீவர், ரப்பர் 3,600. கட்டர் தடுப்பு 900. துளைத் தகடு 2,200. மொத்தம் 1,55,500.

ஓட்டத்தில்: பரப்பி இல்லாமல் மணிக்கு 2 ஏக்கர், 9 லிட்டர் டீசல். பரப்பியோடு 1.6 ஏக்கர், 10.5 லிட்டர். ஏக்கருக்கு 4.5 லிட்டர் இருந்தது 6.5-ஐத் தாண்டுகிறது. டீசலில் கூடுதல் 185 ரூபாய். மணி வாடகை 1,800 என்றால் ஏக்கருக்கு ஏழரை நிமிடத் தாமதம் 225. பிளேடு தேய்மானம் 40. ஆக 450 ரூபாய் கைச்செலவு. பரப்புவதற்கு ஏக்கருக்கு 700 வாங்கினால் 250 மிஞ்சும். போட்ட பணம் திரும்ப 620 ஏக்கர் ஓட வேண்டும். வைக்கோல் நல்ல விலைக்குப் போகும் ஊரில் பரப்பச் சொல்பவர் குறைவு, அங்கே இதை வாங்காதீர்கள். கூட்டாக உளுந்து போடும் கிராமம் பக்கத்தில் இருந்தால் மட்டும் கணக்கு வரும்.

கல் தடுப்புக்கு ஆன 6,700 ரூபாயை யாரும் யோசிக்கவே வேண்டாம். பரப்பி போடாத மிஷினிலும் அதை முதலில் செய்துவிடலாம். ஒரு கான்கேவ் தப்பினாலே போதும்.

மறுபடி செய்வதானால் ஆறு தகடுகளையும் ஒரே கம்பியில் கோத்து ஒரு லீவரில் திருப்பும்படி வைப்பேன். இப்போது காற்று மாறினால் பன்னிரண்டு போல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. உருளை ஷாஃப்டின் சுற்றைக் காட்டும் சென்சாரும் மீட்டரும் கேபினில் வேண்டும். பெல்ட் வழுக்குவது ஆபரேட்டருக்கு வாடை வந்த பிறகுதான் தெரிகிறது. சைலன்சர், டர்போ மேல் நறுக்கிய தூசி படிவது முன்பைவிடக் கூடியிருப்பதால் மதியமும் மாலையும் ஊதிச் சுத்தம் செய்கிறோம். தீயணைப்பு சிலிண்டர் ஒன்று ஏணிப் பக்கம், கை எட்டும் இடத்தில்.

போகம் முடிந்து கொட்டகையில் விடும்போது மூன்று பெல்ட்டையும் கழற்றி நிழலில் தொங்கவிட வேண்டும், நிலைப் பிளேடுகளுக்குப் பழைய ஆயில் தடவ வேண்டும், கல் பெட்டியைத் திறந்தபடியே விட வேண்டும். மூடி வைத்தால் உள்ளே தங்கிய ஈர மண்ணில் கீல் துருப்பிடிக்கும், மிச்ச நெல்லுக்கு எலி வந்து வயரையும் சேர்த்துக் கடிக்கும்.